அப்பாரு வண்டி இன்ஜின்

அம்மிணி,

உன் தாத்தாவின் அம்பாசடர் இன்ஜினுக்கு வேகம் கூட்டச் சொல்லி நீ அனுப்பிய பட்டியலைப் பட்டறையில் படித்துக் காட்டினேன். சிலிண்டருக்குள் அமுக்கும் கம்ப்ரெஷனை ஏற்று, ஃப்ளைவீல் என்ற கனச் சக்கரத்தைக் கடைந்து குறை, காற்றும் பெட்ரோலும் போகும் போர்ட்டைக் கண்ணாடியாட்டம் தேய். "அம்பாசடரைச் செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்குல உடப் போறீங்களா?" என்று பையன்கள் சிரிக்கிறார்கள்.

சிலிண்டர் தேய்ந்திருந்ததால் 40 தவ், அதாவது ஒரு மில்லிமீட்டர் சொச்சம், துளையைப் பெரிதாக்கிப் போர் தள்ளியாயிற்று. இன்ஜின் கொள்ளளவு 1489 சிசி இப்போது 1531. தானாக வந்த அந்த 42 சிசி போதும். சிலிண்டர் மூடியான ஹெட்டை மட்டமாக்க மட்டும் சீவினேன், கம்ப்ரெஷனை ஏற்ற அல்ல. ஃப்ளைவீலில் கை வைக்கவில்லை. கனம் குறைந்தால் ஐடிலிங் உதறும், திம்பம் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது கிளட்ச்தான் பாடுபடும். போர்ட்டா? நாலு சிலிண்டருக்கு உள்ளே இழுக்க இரண்டே வழி. அதைத் தேய்த்து என்னாகப் போகிறது?

வால்வு வந்து உட்காரும் சீட்டு வேலை மட்டும் அவசியம். வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வெட்டிய சீட்டு அது. பெட்ரோலில் இருந்த ஈயம்தான் அதைத் தேயாமல் காத்தது. 2000-த்தோடு ஈயம் போய்விட்டதே. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு நாலுக்கும் கடின வளையம் இறக்கிவிட்டேன்.

இரண்டு நாள் போனது, பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடில். நாலையும் துடைத்து நகைப்பட்டறைக்குத் தூக்கிப் போனேன். ஆசாரி முதலில் தராசைத் தரவே மாட்டேன் என்றார். கனமானதற்கும் லேசானதற்கும் 11 கிராம் வித்தியாசம்! ஒரு முனையை நூலில் தொங்கவிட்டு மறுமுனையைத் தராசில் வைத்து, பெரிய முனை, சின்ன முனை என்று தனித்தனியாக எடை பார்த்தோம். லேசானதை அளவாக வைத்து மற்ற மூன்றையும் தேய்த்ததில் ஒரு கிராமுக்குள் வந்துவிட்டது. கிராங்க்கைத் தாங்க மூன்றே மெயின் பேரிங், அதற்கு இந்தச் சமம்தான் பெரிய உதவி.

அரத்தை நீளவாக்கில்தான் ஓட்டினேன். நீ பிறப்பதற்கு முன்னால் ஒரு டாக்ஸிக்குக் குறுக்கே தேய்த்துக் கொடுத்தேன். அந்தக் கீறலிலேயே விரிசல் விட்டு, கருமத்தம்பட்டி தாண்டி ராடு இன்ஜின் பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது. புது பிளாக்குக்கு உங்கம்மா வளையல்தான் போயிற்று. இன்றும் அரத்தை எடுத்தால் அவள் எட்டிப் பார்க்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை இன்ஜினை இறக்கி உட்கார வைக்கிறோம். பொங்கலுக்கு நீ வரும்போது இன்ஜின் ஓடிப் பதமாகும் ரன்னிங்-இன்னில்தான் இருக்கும், ஐம்பதுக்கு மேல் மிதிக்காதே.

அம்மா பருப்புப்பொடி பார்சல் போட்டிருக்கிறாள். அடியில் அப்பாருவின் பழைய பிஸ்டன் ஒன்று இருக்கும். கழுவித்தான் வைத்தேன், பொடியில் ஆயில் வாசம் அடித்தால் அவளிடம் சொல்லாதே.

அப்பா