காலி வீட்டுக்கு வரி வேணாமா?

ஆசிரியருக்கு, ஆள் இல்லாத வீட்டுக்கு எதுக்கு சொத்து வரின்னு ஹவுஸ் ஓனர்ங்க கேக்குறாங்க, குப்பை வரல தண்ணி செலவாகலன்னு கணக்கு வேற சொல்றாங்க, ஆனா ரோடும் தெருவிளக்கும் இருக்கிறதாலதான சார் அந்த வீட்டு விலையே ஏறுது? கனடாவுல வான்கூவர் சிட்டி 2017லயே காலி வீட்டுக்குன்னு தனி வரி போட்டுச்சு, முதல்ல வீட்டு மதிப்புல 1 சதவீதம், 2021ல அதையே 3 சதவீதமாக்கிட்டாங்க. இங்கிலாந்துல ஒரு வருஷம் சும்மா கிடந்தாலே கவுன்சில் டாக்ஸை, அதாவது அங்க உள்ளாட்சி வாங்குற வீட்டு வரியை, டபுளாக்கலாம். ரிப்பேர் நடக்குது, ஓனர் இறந்து வாரிசு கேஸ் இழுக்குதுன்னா கொஞ்ச மாசம் சலுகை குடுங்க, அது நியாயம். விலை ஏறட்டும்னு பூட்டி வச்சிருக்கிறவருக்கு எதுக்கு தள்ளுபடி? வரி கட்ட கஷ்டமா இருந்தா வாடகைக்கு விடட்டுமே, ஆளா இல்ல?