ரெண்டு மா நிலத்தில் ஒரு குடும்பம்: சித்தப்பாவுக்கு ஜாவாவிலிருந்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். போன வாரம் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்துவிட்டது. "ரெண்டு மா நெலத்த வச்சிக்கிட்டு விவசாயிங்கிறான்னா, அவன் என்னத்தடா திங்கிறான்?" என்று நீங்கள் கேட்டதோடு நின்றது பேச்சு. இதே கேள்வியை இன்னும் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள் என்பதால் பதிலைப் பொதுவிலேயே போடுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

முதலில் நிலக்கணக்கு (மூன்று மா ஓர் ஏக்கர்). ஜாவா தீவு கிட்டத்தட்ட நம் தமிழ்நாட்டு அளவுதான். ஆனால் 2020 கணக்கெடுப்பின்படி ஜனத்தொகை 15 கோடிக்கு மேல், நம்மைப் போல் ரெண்டு மடங்கு. மலை, எரிமலை, காடு, பட்டணம் எல்லாம் போக மிச்சம் இருப்பதைப் பங்கு போட்டால் என்ன வரும்? இந்தோனேசியாவில் அரை ஹெக்டேருக்கும் கீழே, நம் கணக்கில் நாலு மாவுக்கும் கீழே சாகுபடி செய்கிற குடும்பங்கள் 2013-இல் 1 கோடியே 42 லட்சம். 2023-இல் அது 1 கோடியே 68 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பெரும்பாலும் ஜாவாக்காரர்கள்தான். ஆக, நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரருக்கு ரெண்டு மா இருக்கிறதென்றால் அவர் ஏழை இல்லை. ஊரில் பாதிப்பேருக்குப் பொறாமை வரும் அளவு நிலம் அது.

நான் இருப்பது மத்திய ஜாவாவில் க்லாத்தேன் மாவட்டம், யோக்யகர்த்தாவுக்கும் சோலோவுக்கும் நடுவே. வடமேற்கே மெராப்பி எரிமலை. காலையில் மேகம் மூடுவதற்குள் பார்த்தால் உச்சியில் புகை தெரியும். 2010-இல் அது வெடித்தபோது 350 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அது காலங்காலமாகக் கக்கிய சாம்பல்தான் இந்த மண்ணும். அடிவாரத்தில் ஊற்றுகள் ஏராளம். கோடையிலும் வாய்க்காலில் தண்ணீர் சலசலத்துக்கொண்டிருக்கும். மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று ஜூன் மாதம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருக்கும் உங்களிடம் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. தண்ணீரைப் பங்கிட ஊர்ச் சிப்பந்தி ஒருவர் உண்டு. அவருக்கும், ஊர்த்தலைவருக்கும், கணக்குப்பிள்ளைக்கும் சம்பளத்துக்குப் பதிலாக ஊர் நிலத்தில் பாகம் விடுவது இங்கே பழைய வழக்கம். நம் மானிய நிலம் மாதிரியேதான்.

வருஷத்துக்கு ரெண்டு போகம் நெல், மூன்றாவதாக நிலக்கடலையோ சோளமோ புகையிலையோ. பேராசைப்பட்டு மூன்றும் நெல்லே போடுகிறவர்களும் உண்டு. நன்றாக விளைந்தால் ரெண்டு மாவுக்கு ஒரு போகத்தில் ஒன்றரை டன், நம் 60 கிலோ மூட்டையில் 25. இதில் உரம், உழவு டிராக்டர், நடவுக்கூலி கழித்தால் மிஞ்சுவதை நீங்களே மனக்கணக்காகப் போட்டுவிடுவீர்கள்.

அறுவடையைத்தான் நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இவர்கள் அறுப்பதே இல்லை. வயலில் நிற்கும்போதே வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் வயலுக்கு வந்தவர் செருப்பைக் கரையில் கழற்றிப்போட்டுவிட்டு வரப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நடு வயலில் இறங்கி ஒரு கதிரைப் பிடுங்கி, மணிகளை உள்ளங்கையில் உருவி, ஊதினார். பதர் எவ்வளவு பறந்தது என்று பார்த்தார். பிறகு ஒரு தொகை சொன்னார். வீட்டுக்காரர் மெராப்பி இருக்கும் திசையைப் பார்த்தபடி ஒன்றும் பேசவில்லை. வியாபாரி கொஞ்சம் ஏற்றினார். அப்போதும் இவர் வாய் திறக்கவில்லை. மூன்றாவது தடவை ஏற்றியதும் தலையை ஆட்டி முன்பணம் வாங்கிக்கொண்டார். உங்கள் பேரம் கும்பகோணம் வரை கேட்கும் சித்தப்பா. இங்கே மௌனமாகவே முடித்துவிடுகிறார்கள்.

அடுத்து வருவது வியாபாரியின் சொந்த ஆட்களும் கதிரடிக்கும் மெஷினும். ஊர்ப் பெண்களுக்கு அதில் வேலை இல்லை. ஐம்பது வருஷம் முந்தி இப்படி இல்லையாம். எதிர்வீட்டுப் பாட்டி ஒரு பழைய கத்தியைப் பத்திரமாக வைத்திருக்கிறார். அனி-அனி என்று பெயர். கைக்குள் அடங்கும் மரத்துண்டு, விளிம்பில் சவரத்தகடு போல ஓர் இரும்பு, குறுக்கே மூங்கில் குச்சி. விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு கதிர் கதிராகக் கொய்வார்கள். கத்தி வெளியே தெரிந்தால் நெல்லுக்குத் தெய்வமான தேவி ஸ்ரீ பயந்துபோவாள் என்பதால் கைக்குள் மறைத்துப் பிடிக்க வேண்டும். யார் வயல் முற்றினாலும் ஊர்ப் பெண்கள் யாரும் வரலாம், அறுத்ததில் பத்தில் ஒன்றோ எட்டில் ஒன்றோ பங்கு. நிலமே இல்லாத வீட்டுக்கும் அரிசி வந்து சேர்ந்த வழி அது.

அதை அடைத்தது யார் தெரியுமா? உங்கள் ஐ.ஆர்.எட்டு நெல்லும் அதன் பிள்ளைகளும். குட்டையான பயிர், கொட்டும் நெல், அரிவாள்தான் தோது. அரிவாள் வந்ததும் ஆள் குறைந்தது. பிறகு வியாபாரி வந்தார், ஊருக்குப் பங்கு கொடுக்கும் கடமை நிலக்காரரின் தலையிலிருந்து இறங்கியது. இப்போது அறுத்த வயலில் சிந்தியதைப் பொறுக்க மட்டும் சில கிழவிகள் சாக்குடன் வருகிறார்கள். அவர்கள் போன பிறகு வாத்துக் கூட்டம்.

ஐ.ஆர்.எட்டு என்றதும் உங்களுக்கு ஒரு செய்தி. 1966-இல் அது பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது என்றுதானே சொல்வீர்கள்? அதன் ஒரு பக்கம் தைவானின் குட்டை ரகம். இன்னொரு பக்கம் 'பேத்தா' என்னும் நெட்டை ரகம், அது ஜாவாவில் உருவாக்கியது. அந்தப் பேத்தாவின் பெற்றோரில் ஒன்று வங்காளத்து லத்திசால். நீங்கள் இளவட்டமாக இருந்தபோது "சோறு மொத்தம், ஆனா மூட்ட எகிறுது" என்று சொல்லிச் சொல்லி விதைத்த நெல்லுக்கு இந்த ஊரோடு ரத்த சம்பந்தம் உண்டு.

நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியும் இங்கே அதே புகையான்தான். எழுபதுகளில் ரகம் மாற்றி ரகம் போட்டும் மருந்தாய் அடித்தும் அடங்கவில்லை. பூச்சியைத் தின்னும் சிலந்திகளைத்தான் மருந்து முதலில் கொன்றது. 1984-இல் அரிசியில் தன்னிறைவு கண்டுவிட்டோம் என்று அப்போதைய அதிபர் சுஹார்த்தோ அறிவித்தார். அடுத்த ரெண்டே வருஷத்தில் புகையான் பயத்தில் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை போட்டார். மருந்து மானியத்தையும் படிப்படியாக வெட்டினார். 1989-இல் விவசாயிகளையே வயலில் உட்காரவைத்துப் பூச்சி எண்ணக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகள் தொடங்கின. நம் வேளாண்மைத் துறை நடத்தும் பண்ணைப் பள்ளிக்கு மூலம் இங்கேதான். சர்வாதிகாரி செய்ததில் உருப்படியானது இது ஒன்று என்பது என் எண்ணம். ஆனாலும் நெல்லுக்குமேல் நெல்லாக மூன்று போகமும் போட்டால் புகையான் திரும்பத்தான் செய்கிறது. 2010, 2011-இல் இந்த மாவட்டமே வாடியது.

சரி, கேள்விக்கு வருகிறேன். வயலில் கிடைப்பது இவ்வளவுதான் என்றால் குடும்பம் எப்படி ஓடுகிறது?

வீட்டுக்கொல்லையைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். தென்னை, வாழை, பலா, பப்பாளி, மரவள்ளி, மிளகாய், மெலிஞ்ஜோ மரம். மெலிஞ்ஜோ கொட்டையை வறுத்துத் தட்டி வடகம் போல் காயவைத்து விற்பார்கள். லேசான கசப்பு, எனக்குப் பிடித்துவிட்டது. ஓரத்தில் நிற்கும் ரெண்டு மூன்று மரங்கள் பையனின் படிப்புக்கு வெட்ட. கொட்டிலில் இருக்கும் மாடு பால் கறக்க இல்லை. பக்ரீத் சமயத்தில் விலை ஏறும்போது விற்க. தினமும் வேகும் டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) மட்டும் விதிவிலக்கு. அதற்கான சோயா பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது.

பெண்கள் சந்தைக்குப் போகிறார்கள். இங்கே ஏழு நாள் வாரத்தோடு கூடவே ஐந்து நாள் வாரம் ஒன்றும் ஓடுகிறது. லெகி, பாஹிங், போன், வாகே, க்லிவோன். இந்த ஊர்ச் சந்தை லெகியில் என்றால் பக்கத்து ஊரில் போன் அன்று. வீட்டுக்கார அம்மாவுக்குக் கல்யாணத் தேதி முதல் கோழி அடைகாப்பது வரை இந்தக் கணக்கில்தான் வாயில் வரும். தெற்கே பாயாத் பக்கம் பானை வனைகிறார்கள். அங்கே சக்கரம் கிடையாகச் சுழலாமல் சாய்ந்து சுழலும். இறுகக் கைலி கட்டிய பெண்கள் காலை அகட்டாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து வனைய வசதியாக அப்படி வைத்தார்களாம். வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ஆண்கள் நடவு முடிந்ததும் ஜகார்த்தாவுக்குக் கொத்தனார் வேலைக்கு. ரம்ஜானுக்கு ஊரே திரும்பும். மற்ற மாதங்களில் கிழவர்களும் சின்னப் பிள்ளைகளும்தான். நடவுக்கு இறங்கும் பெண்களில் ஐம்பது வயதுக்குக் கீழே ஒருவரைக் கூட இந்த ஊரில் நான் பார்க்கவில்லை. ஆள் கிடைக்கவில்லை என்று நீங்கள் புலம்புவதை அப்படியே ஜாவானிய மொழியில் இங்கே கேட்கலாம்.

இதெல்லாம் சேர்த்தாலும் கணக்கில் துண்டு விழும். அதை ஊர் தாங்குகிறது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா தொங்கும். ராத்திரி ஒரு கைப்பிடி அரிசி போட வேண்டும், அல்லது இந்த ஊர்ப் பணத்தில் 500 ரூபியா காசு (நம் மூன்று ரூபாய் போல). முறைக்காவல் போகிறவர்கள் டார்ச் அடித்துக்கொண்டு வந்து எடுத்துப்போவார்கள். டப்பா காலியாக இருந்தால் நோட்டில் குறித்துக்கொள்வார்கள். ஒரு தெருவுக்கு ஒரு சங்கம் என்ற இந்த அமைப்பை யுத்த காலத்தில் ஜப்பான்காரர்கள் ஆட்களைக் கண்காணிக்க வைத்தார்கள். அவர்கள் போயும் சங்கம் போகவில்லை. தெருவிளக்கு, ஆஸ்பத்திரிச் செலவு, சாவுக்குப் பந்தல் எல்லாம் அதிலிருந்துதான். சாவு விழுந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். குழி வெட்டுவதற்குக் கூலி பேசும் வழக்கமே கிடையாது.

இந்தக் கூட்டு வாழ்க்கையைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் உருகுகிறார்கள். இங்கத்து அரசாங்கமும் அதைப் பெருமையாகப் பேசும். எனக்கு அவ்வளவு உருக்கம் இல்லை. காரணம் மொய். அண்டைவீட்டுக் கல்யாணத்தில் மூன்று நாள் சமையல்கட்டில் வேலை பார்த்த வீட்டுக்கார அம்மா, திரும்பி வந்ததும் பீரோவிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். தன் மகள் கல்யாணத்துக்கு அந்த வீடு என்ன செய்தது என்று விரலால் தேடினார். அரிசி இத்தனை கிலோ, சர்க்கரை இத்தனை, கவரில் இவ்வளவு. அதற்குக் குறையக் கூடாது. நல்ல மாதத்தில் ஒரே வாரத்தில் நாலைந்து கல்யாணம் வரும். அந்த வாரம் அவர் பீரோவிலிருந்து ஒரு மோதிரத்தையும் எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குப் போனார். ஊர் தாங்குகிறதுதான். தாங்குவதற்கு வட்டியும் வாங்குகிறது.

நிலம் ஏன் இவ்வளவு துண்டுபட்டது, பெரிய பண்ணைகளைப் பிரித்துக் கொடுக்கவில்லையா என்றும் கேட்டீர்கள். 1960-இல் சட்டம் வந்தது. இழுத்தடித்தார்கள். 1964-இல் இடதுசாரி விவசாய சங்கத்தார் தாங்களே வயலில் இறங்கினார்கள். அதில் முன்னால் நின்றது இதே க்லாத்தேன். 1965 அக்டோபருக்குப் பிறகு இடதுசாரிகளைக் குறிவைத்து நாடு முழுக்க நடந்த கொலைகளில் ஐந்து லட்சம் பேராவது போனார்கள். அந்த வருஷத்தைப் பற்றி எதிர்வீட்டுப் பாட்டியிடம் ஒரு தடவை கேட்டேன். "டீ ஆறுது, குடி" என்றார். கீழத்தஞ்சையில் பிறந்த உங்களுக்கு இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அறுவடைக்கு முந்தி வயல் மூலையில் தேவி ஸ்ரீக்குப் படைப்பது பற்றி சித்தி கேட்டாரே. அது குறைந்துவிட்டது. வயதானவர்கள் சிலர் மட்டும் சோறு, முழுக்கோழி, முட்டை, கருவாடு வைத்து, அரபியில் ஒரு துவாவும் ஜாவானியத்தில் ஒரு வேண்டுதலும் சொல்லிவிட்டு அங்கேயே பிள்ளைகளுக்குப் பங்கிட்டுவிடுவார்கள். தொழுகைக்கும் இதற்கும் முரண் என்று சொல்லும் இளைஞர்களும் ஊரில் இருக்கிறார்கள். விடிய விடிய நடக்கும் பாரத நிழற்கூத்துக்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும். பீமனைப் பார்த்தால் விடமாட்டீர்கள்.

வருவதானால் சம்பா அறுத்துக் களம் ஒழிந்ததும் மார்ச்சில் வாருங்கள். இங்கே முதல் போக அறுப்பு அப்போதும் நடந்துகொண்டிருக்கும். க்லாத்தேனுக்குப் பேர்வாங்கித்தந்த ரோஜோலெலே அரிசி, ஐந்து மாதப் பயிர், ஆளுயரம் வளர்ந்து சாய்ந்துவிடும் என்று கைவிட்டிருந்தார்கள். அணுசக்தித் துறைக்காரர்கள் கதிர்வீச்சு கொடுத்துக் குட்டையாக்கி 2019-இல் நாலு மாத ரகமாகத் திருப்பித் தந்திருக்கிறார்கள். சமைத்துப் போடச் சொல்கிறேன். பழைய வாசனை வரவில்லை என்று பாட்டி சொல்கிறார், நீங்கள் தின்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். விதைநெல்லை மட்டும் பையில் ஒளித்து எடுத்துப்போகலாம் என்று நினைக்காதீர்கள். உங்களை எனக்குத் தெரியும். ஏர்போர்ட்டில் பிடித்துக்கொள்வார்கள்.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்