வேரோடு நிற்கும் உலோகம்

ஆசிரியருக்கு,

கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஈரநிலத்தில் நாணலும் சம்பும் நட்டால் நீரில் உள்ள உலோகத்தை அவை உறிஞ்சிவிடும், அப்புறம் வெட்டி அகற்றினால் போதும் என்று பலரும் சொல்கிறார்கள். பாதிதான் சரி. ஈயம், குரோமியம் போன்றவற்றில் பெரும்பங்கு வேரைத் தாண்டி இலைக்கு ஏறுவதே இல்லை.

சேற்றில் ஆக்சிஜன் அரிது. அதனால் இச்செடிகள் தண்டிலுள்ள காற்றறைகள் வழியே வேருக்குக் காற்றை இறக்குகின்றன. அதில் கொஞ்சம் வெளியே கசிகிறது. சேற்றுநீரில் கரைந்திருக்கும் இரும்பு அது பட்டதும் துருவாகி வேர்மேல் படிகிறது. முதிர்ந்த வேர் ஒன்றை அலசிப் பாருங்கள். கறுப்புச் சேறு போன பிறகும் செம்பழுப்புப் பூச்சு போகாது. ஆர்சனிக், ஈயம், துத்தநாகம் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்கின்றன. உள்ளே நுழைந்ததிலும் கணிசமான பங்கு வேரின் செல்சுவர்களிலேயே சிக்கிக்கொள்கிறது.

ஆக, இலையை அறுத்துப் பெரிய பயன் இல்லை. ஈரநிலத்தை வற்றவிடுவதுதான் ஆபத்து. சேற்றில் கந்தகத்தோடு சேர்ந்து சல்பைடாக அடங்கிக் கிடக்கும் காட்மியமும் துத்தநாகமும் காற்றுப் பட்டால் மறுபடி கரைந்து, அடுத்த மழையில் கிளம்பிவிடும். செடி நடும் விழாவுக்குக் காட்டும் அக்கறையை நீர்மட்டத்தைக் காப்பதற்கும் அதிகாரிகள் காட்டட்டும்.