"ஷ்ஷ்"னு சொல்லாத ஒரு ஷோ: உதவின எல்லாருக்கும் நன்றி

வணக்கம். போன ஞாயித்துக்கிழமை காலைல ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் மாதிரி இருக்குற எங்க பிள்ளைங்களுக்காகன்னே 'சிதாரே ஜமீன் பர்' இந்தி படத்தை தனி ஷோ போட்டோம்ல, அதுக்கு கை குடுத்த எல்லாருக்கும் இந்த மடல். பேர் போட வேணாம்னு சொல்லிட்டீங்க, அதனால யார் பேரும் போடல.

முதல்ல தியேட்டர் மேனேஜர் அண்ணனுக்கு. சவுண்டை குறைக்கணும், லைட்டை முழுசா அணைக்கக் கூடாது, பசங்க நடுவுல எழுந்து நடப்பாங்க, கத்துவாங்கன்னு தயங்கி தயங்கி கேட்டேன், "இவ்ளோதானாம்மா"ன்னு அங்கயே ஆபரேட்டரை கூப்பிட்டு சொல்லிட்டார். ஆட்டிசம் இருக்குற நிறைய பிள்ளைங்களுக்கு திடீர் இருட்டும் பெரிய சத்தமும் சேர்ந்து வந்தா தாங்கவே முடியாது, காதை பொத்திட்டு அழுதுடுவாங்க, பக்கத்து சீட்டுக்காரங்க திரும்பி பாக்குற பார்வைக்கு பயந்தே தியேட்டர் பக்கம் போகாத அம்மாக்கள் எத்தனையோ பேர்.

அப்புறம் இந்த படத்தை எடுத்தவங்களுக்கு. குடிச்சுட்டு வண்டி ஓட்டி மாட்டின பாஸ்கெட்பால் கோச்சை, அறிவுசார் குறைபாடு உள்ளவங்க டீமுக்கு ட்ரெய்னிங் குடுன்னு கோர்ட் அனுப்புது. பந்தை ஒழுங்கா பாஸ் பண்ணக்கூட தெரியாத டீம், ஆனா கடைசில மாறுறது ஆமிர் கான் பண்ணின அந்த கோச்தான். டீமா வர்ற 10 பேரும் நிஜ வாழ்க்கையிலயும் எங்க பிள்ளைங்க மாதிரிதான், வேற யாரோ மேக்கப் போட்டு நடிக்கல. சிரிப்பு முழுக்க அவங்க குடுக்குற பதில்ல வருது, அவங்களை கிண்டல் பண்ணி இல்ல. கேரளாவுலேந்து வந்து அந்த டீம்ல ஒருத்தரா நடிச்ச கோபி கிருஷ்ணன் வர்மாவை திரையில பாத்ததும் அவரை மாதிரியே டவுன் சிண்ட்ரோம் இருக்குற என் தம்பி எழுந்து நின்னு "நான், நான்"னு கத்தினான், அவன் இதுவரைக்கும் எந்த ஹீரோவையும் பாத்து அப்படி சொன்னதே இல்ல. டைரக்டர் ஆர்.எஸ்.பிரசன்னா நம்ம 'கல்யாண சமையல் சாதம்' எடுத்தவர், சார், உங்களுக்கு ரொம்ப ரொம்ப நன்றி. 'சிதாரே ஜமீன் பர்'க்கு மூலம் 2018ல வந்த ஸ்பானிஷ் படம், அதுக்கும் தூண்டுதல் வலென்சியா பக்கம் இருந்த ஒரு நிஜ டீம், 1999லேந்து 2014க்குள்ள 12 தடவை ஸ்பெயின் சாம்பியன். அவங்களுக்கும் நன்றி.

இந்தி புரியாத பிள்ளைங்க பக்கத்துல உக்காந்து வசனத்தை தமிழ்ல சொல்லிட்டே இருந்த காலேஜ் தம்பி தங்கச்சிங்க, உங்களைத்தான் வீட்ல இன்னும் கேக்குறாங்க. ஃபைனல்ல தோத்த டீமே குதிச்சு கொண்டாடுறப்ப நீங்களும் அவங்களோட சேர்ந்து ஆடினீங்களே, அப்ப பின்னாடி நின்ன அம்மாக்கள் எல்லாம் அழுதுட்டு இருந்தாங்க. படம் முடிஞ்சும் ஒரு பையன் சீட்டை விட்டு எழ மாட்டேன்னப்ப அவன் பக்கத்துலயே உக்காந்து காத்திருந்த வேன் டிரைவர் அண்ணே, உங்களை மறக்க முடியாது.

இன்னொரு ஷோ போடலாம்னு மேனேஜர் அண்ணன் சொல்லியிருக்கார். பணம் அனுப்பவான்னு கேக்குறவங்க, அதுக்கு பதிலா அன்னிக்கு காலைல நேர்ல வாங்க, ஒரு பிள்ளைக்கு ஒருத்தர்னு கூட உக்கார ஆள் வேணும்.