கூப்பிட்டது யாரென்று பார், தம்பி

திருவொற்றியூர்,
ஞாயிறு இரவு

அன்பு மகனுக்கு,

உன் சிஸ்டத்தில் தானாகத் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இன்ஸ்டாலர் விண்டோவை நீ எடுத்து அனுப்பிய மூன்று போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘செட்அப்’ என்று தலைப்பு, கீழே பெரிய நீலப் பட்டனில் ‘நெக்ஸ்ட்’, அதன் பக்கத்தில் கண்ணுக்கே தெரியாத சாம்பல் எழுத்தில் ‘டிக்ளைன்’. டிரைவர்களை, அதாவது சிஸ்டத்தின் பாகங்களை இயக்கும் சின்ன புரோகிராம்களை, அப்டேட் செய்து தருகிறேன் என்கிறது. நீ கேட்காமலே வந்திருக்கிறது.

ஃபார்மட் போட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம், தம்பி. ஃபைல்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்து, விண்டோஸ் போட்டு, திரும்ப ஒவ்வொரு சாஃப்ட்வேராக ஏற்றி முடிக்க ஒரு நாள் போய்விடும். சில சமயம் ஃபார்மட் போட்ட பிறகும் இன்ஸ்டாலர் வந்து நிற்கும். அது ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

டவுன்லோட்ஸில் இருந்த ஃபைலை அழித்தும் வருகிறது என்றாய். வரத்தான் செய்யும். நம் தெருவில் மழைக்கு டிரைனேஜ் மூடி பொங்குவதைப் பார்த்திருக்கிறாயே, பொங்குகிற மூடியின் மேல் கல்லைத் தூக்கி வைத்தால் நிற்காது. அடைப்பு நாலு மூடி தள்ளி இருக்கும். ஸ்கிரீனில் வருகிற விண்டோவை வேறொன்று கூப்பிடுகிறது. அந்தக் கூப்பிடுகிறதைப் பிடித்தால்தான் வேலை முடியும்.

அடுத்த முறை அது வரும்போது நெக்ஸ்ட், டிக்ளைன், மேலே இருக்கும் எக்ஸ் எதையும் அழுத்தாதே. பட்டனில் என்ன எழுதியிருந்தாலும் அதை அழுத்தினால் என்ன நடக்கும் என்பது அதை எழுதியவன் கையில்தான் இருக்கிறது. தவிர, அது ஓடிக்கொண்டிருந்தால்தான் நம்மால் ஆராய முடியும். மணி என்ன என்று குறித்துக்கொள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திற. பட்டியலில் அந்த இன்ஸ்டாலரின் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து ‘கோ டு டீடெயில்ஸ்’ கொடு. அங்கே மேலே இருக்கும் தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து, ‘செலக்ட் காலம்ஸ்’ போய் ‘கமாண்ட் லைன்’ என்பதை டிக் செய். எந்த ஃபோல்டரில் இருந்து, என்ன கட்டளையோடு ஓடுகிறது என்று முழு வரியும் தெரியும். அதை ஒரு போட்டோ எடுத்துவிடு.

ஒழுங்காக இன்ஸ்டால் ஆன சாஃப்ட்வேர் பெரும்பாலும் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளே இருக்கும். இந்த மாதிரி ஆசாமிகள் உன் யூசர் பெயரின் கீழ் ‘ஆப்டேட்டா’ என்ற மறைந்த ஃபோல்டரில், லோக்கலிலோ ரோமிங்கிலோ டெம்ப்பிலோ குடியிருப்பார்கள். அங்கே எழுத அட்மின் அனுமதி வேண்டாம், அதனால்தான் உன்னை ‘யெஸ்’, ‘நோ’ கேட்காமலே உள்ளே வந்துவிட முடிந்தது. ஆப்டேட்டாவில் இருப்பது எல்லாம் கெட்டது என்று நினைத்துவிடாதே. நல்ல சாஃப்ட்வேர் சிலவும் அங்கேதான் உட்காரும்.

ஃபைலின் பிராப்பர்ட்டீஸில் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ டேப் இருக்கிறதா என்றும் பார். இருந்தாலும் நம்பிவிடாதே. எண்ணூர் ரோட்டில் போகிற கன்டெய்னரில் சீல் இருந்தால், வழியில் யாரும் திறக்கவில்லை என்றுதான் அர்த்தம். உள்ளே நமக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை.

இப்போது முக்கியமான இடம். உன் அக்கா வெள்ளிக்கிழமை ஓசூர் வருகிறாள், அவள் கையில் ஒரு பென்டிரைவ் கொடுத்தனுப்புகிறேன். அதில் இப்போது ஓடுபவற்றைக் காட்டும் ‘புராசஸ் எக்ஸ்புளோரர்’, தானாகத் தொடங்குபவற்றைக் காட்டும் ‘ஆட்டோரன்ஸ்’ என்று இரண்டு இருக்கும். இரண்டும் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இருந்து. 2006-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய தொகுப்பு அது, இலவசம், இன்ஸ்டால் செய்யவே தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்தே எடுத்திருக்கிறேன்.

புராசஸ் எக்ஸ்புளோரரை ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திற. மேலே பட்டன் வரிசையில் துப்பாக்கிக் குறி மாதிரி ஒரு வட்டம் இருக்கும். அதை மவுஸால் பிடித்து இழுத்து, அந்த இன்ஸ்டாலர் விண்டோமேல் விடு. எந்த புராசஸின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் எந்த புரோகிராமின் விண்டோ அது என்று பட்டியலில் தானே போய் நிற்கும். பட்டியல் மரம் மாதிரி கிளை கிளையாக இருக்கும், அதில் நம் ஆள் யாருக்குக் கீழே தொங்குகிறான் என்று பார். டெஸ்க்டாப்பை நடத்தும் விண்டோஸின் ‘எக்ஸ்புளோரர்’ கீழே இருந்தால் ஸ்டார்ட்அப் ஃபோல்டரிலோ, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியின் ‘ரன்’ வரியிலோ உட்கார்ந்திருக்கிறான். ‘எஸ்விசிஹோஸ்ட்’ கீழே இருந்து, அதன் கமாண்ட் லைன் கடைசியில் ‘ஷெட்யூல்’ என்று முடிந்தால், குறித்த நேரத்தில் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர்தான் கூப்பிட்டது. ‘சர்வீசஸ்’ கீழே இருந்தால் பின்னணியில் ஓடும் சர்வீஸாகப் பதிந்திருக்கிறான். யாருக்கும் கீழே இல்லாமல் தனியாக இடது ஓரத்தில் நின்றால், கூப்பிட்டவன் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டான். அப்போது நீ குறித்து வைத்த மணிதான் துப்பு.

என் சந்தேகம் டாஸ்க் ஷெட்யூலர் மேல். லாகின் ஆகி நாலைந்து நிமிடம் கழித்து ஒரு தடவை, பிறகு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று எழுதியிருக்கிறாய். ஸ்டார்ட்அப்பில் இருப்பது லாகின் ஆனவுடன் ஒரு முறை வரும், அதோடு சரி. கடிகாரம் பார்த்துத் திரும்பத் திரும்ப வருவது ஷெட்யூலரின் குணம்.

ஸ்டார்ட் மெனுவில் டாஸ்க் ஷெட்யூலர் என்று தேடித் திற. இடது பக்கம் ‘லைப்ரரி’ என்பதைக் கிளிக் செய்தால் நடுவில் பட்டியல் வரும். ‘ட்ரிக்கர்ஸ்’ என்ற வரிசையில் ‘அட் லாக் ஆன்’ என்றோ ஒரு மணிக்கு ஒரு முறை என்றோ இருப்பவற்றை மட்டும் பார். பெயரை நம்பாதே, ‘அப்டேட்’, ‘ஹெல்த்’, ‘சர்வீஸ்’ என்று நல்ல பெயராகத்தான் வைத்திருப்பார்கள். கீழே ‘ஆக்‌ஷன்ஸ்’ டேபைத் திறந்து எந்த ஃபைலை ஓட்டுகிறது என்று படி. நீ போட்டோ எடுத்த அதே ஃபோல்டர் இங்கே வந்தால் ஆள் சிக்கிவிட்டான். சில சமயம் நேரடியாக அந்த ஃபைல் இருக்காது. எழுதிய கட்டளைகளை ஓட்டும் விண்டோஸ் கருவிகளான பவர்ஷெல்லோ டபிள்யூ-ஸ்கிரிப்ட்டோ இருந்து, அதற்குப் பின்னால் நீளமாக ஏதோ எழுதியிருக்கும். அதையும் சந்தேகப்படு. ‘லாஸ்ட் ரன் டைம்’ நீ குறித்த மணியோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, டெலிட் செய்யாமல் ‘டிஸேபிள்’ மட்டும் கொடு. ஒரு நாள் வராமல் இருந்தால் பிறகு டெலிட் செய்துகொள்ளலாம். தப்பான ஒன்றை நிறுத்தியிருந்தாலும் திரும்ப ‘எனேபிள்’ கொடுத்துவிடலாம். லைப்ரரிக்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் விண்டோஸ் என்று ஃபோல்டர்கள் இருக்கும், அங்கே கை வைக்காதே.

அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ஆட்டோரன்ஸ். இதையும் அட்மினாகத் திற. ‘ஆப்ஷன்ஸ்’ மெனுவில் ‘ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்’ டிக் செய்தால் நூற்றுக்கணக்கான வரிகள் குறைந்து பார்க்கும்படி ஆகும். மஞ்சளாக இருக்கும் வரிக்கு ஃபைல் இல்லை என்று பொருள். நீ டவுன்லோட்ஸில் அழித்ததை யாராவது இன்னும் தேடிக்கொண்டிருந்தால் இங்கே மஞ்சளாகத் தெரியும். இங்கேயும் டிக்கை எடு, அழிக்காதே.

கூப்பிடுவதை நிறுத்திய பிறகுதான் மற்றது. முதலில் டாஸ்க் மேனேஜரில் அவனை ‘எண்ட் டாஸ்க்’ கொடு. பிறகு செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் போய்த் தேதி வாரியாக அடுக்கு. தொல்லை தொடங்கிய நாளில் இரண்டு மூன்று பெயர்கள் ஒன்றாக வந்திருந்தால், அவை ஒரே வண்டியில் வந்திறங்கியவை. ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால் செய். நடுவில் ‘போகாதீர்கள், தள்ளுபடி தருகிறேன்’ என்று கெஞ்சும். பட்டனைப் படித்துவிட்டு அழுத்து, பெரிய பட்டன் எப்போதும் ‘கீப்’ ஆகத்தான் இருக்கும். கடைசியாக ஆப்டேட்டாவில் இருக்கும் ஃபோல்டரை அழி. இந்த வரிசையை மாற்றினால், நீ அழித்த ஃபோல்டரை டாஸ்க் மறுபடி டவுன்லோட் செய்து உட்கார வைத்துவிடும்.

பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியைத் திற. ‘வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்‌ஷன்’, ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ போய், அடியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலைப் பார். நீ சேர்க்காத ஃபோல்டர் அங்கே இருந்தால், ‘என்னைச் சோதிக்காதே’ என்று அவனே எழுதி வைத்திருக்கிறான், எடுத்துவிடு. இதை விட்டுவிட்டு எத்தனை ஸ்கேன் போட்டாலும் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்லும். ‘ஆப் அண்ட் பிரௌசர் கன்ட்ரோல்’ உள்ளே ‘பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்’ இருக்கும், அதை ஆன் செய். இது வைரஸ் இல்லை, வேண்டாத சாஃப்ட்வேர்தான். அதனால் இது ஆஃபில் இருந்தால் விண்டோஸின் காவலாளியான டிஃபெண்டர் கண்டும் விட்டுவிடலாம். எல்லாம் முடிந்து ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ போடு. ரீஸ்டார்ட் ஆகி சுமார் 15 நிமிடம் ஓடும். திறந்திருக்கும் ஃபைலை எல்லாம் முதலிலேயே சேவ் செய்துவிடு.

கமாண்ட் லைனில் ‘எம்எஸ்ஐஎக்ஸெக்’ என்று இருந்தால் கதையே வேறு. அது விண்டோஸின் சொந்த இன்ஸ்டாலர். ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு சாஃப்ட்வேரில் ஒரு ஃபைலோ ரெஜிஸ்ட்ரி வரியோ காணாமல் போயிருக்கும். நீ அதைத் திறக்கும்போதெல்லாம் தன்னைத்தானே ரிப்பேர் செய்யப் பார்க்கும். சிஸ்டத்தில் நடந்ததைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் போய், ‘எம்எஸ்ஐ இன்ஸ்டாலர்’ எழுதிய 1001, 1004 எண்களைத் தேடு. எந்த சாஃப்ட்வேர், எந்தப் பகுதி என்று அதிலேயே இருக்கும். அதை ரிப்பேர் செய், முடியாவிட்டால் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடு. இடம் மிச்சமாகும் என்று விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘இன்ஸ்டாலர்’ ஃபோல்டரை மட்டும் காலி செய்துவிடாதே. பல பேருக்கு இந்தத் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. அதை அழித்தால் ரிப்பேரும் ஓடாது, அன்இன்ஸ்டாலும் ஓடாது.

இனி, ஃபார்மட் போட்டாலும் வருவது. உன்னுடையது அசெம்பிள் செய்த சிஸ்டம் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். விண்டோஸ் 8 காலத்தில் இருந்து, மதர்போர்டின் பயாஸுக்குள்ளேயே, அதாவது சிஸ்டத்தை ஆன் செய்தவுடன் விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் சொந்த சாஃப்ட்வேருக்குள்ளேயே, ஒரு சின்ன புரோகிராமை வைத்து, விண்டோஸ் பூட் ஆகும்போது அதை ஓடச் செய்ய ஒரு வழி இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்தாலும் அது போர்டின் சிப்பில் பத்திரமாக இருக்கும். போர்டு கம்பெனிகள் தங்கள் டிரைவர் இன்ஸ்டாலரை இந்த வழியாக அனுப்புகின்றன. 2023-ல் எக்லிப்சியம் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஜிகாபைட் போர்டுகளில் இந்த வழி போதிய பாதுகாப்பில்லாமல் இருந்ததை வெளியிட்டது, 271 மாடல்கள். ஆகவே இது சும்மா எரிச்சல் மட்டும் இல்லை.

உன் சிஸ்டத்தில் இது நடக்கிறதா என்று பார்க்க சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32 போய் ஒரு பெயரைத் தேடு: டபிள்யூ, பேப்பருக்கு வரும் பி ஒன்று, பாம்பேக்கு வரும் பி இரண்டு, ஐ, என், பிறகு டாட் இஎக்ஸ்இ. அந்த ஃபைல் இருந்தால் போர்டு உள்ளே ஒன்றை இறக்கியிருக்கிறது. சிஸ்டத்தை ஆன் செய்தவுடன் டெல் அல்லது எஃப்2 கீயைத் தட்டி பயாஸுக்குள் போ. அசூஸ் என்றால் எஃப்7 அழுத்தி அட்வான்ஸ்டு மோடில் ‘டூல்’ பக்கத்தில் ‘ஆர்மரி கிரேட்’ என்று இருக்கும். ஜிகாபைட் என்றால் ‘ஆப் சென்டர் டவுன்லோட் அண்ட் இன்ஸ்டால்’ அல்லது ‘யுடிலிட்டீஸ் டவுன்லோடர்’. எம்எஸ்ஐ கம்பெனி போர்டு என்றால் (மேலே சொன்ன விண்டோஸ் இன்ஸ்டாலர் வேறு) ‘டிரைவர் யுடிலிட்டி இன்ஸ்டாலர்’. எதுவானாலும் ‘டிஸேபிள்டு’ வைத்து எஃப்10 கொடுத்து சேவ் செய். பயாஸ் அப்டேட் போட்டால் இது திரும்ப ஆன் ஆகலாம். அப்போது மறுபடி பார்க்க வேண்டும். பயாஸில் கை வைப்பதற்கு முன் உன் டிரைவில் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு இருக்கிறதா என்று பார்த்துவிடு. இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைப் பேப்பரில் எழுதி வை. சில மாற்றத்துக்கு அது சாவி கேட்கும், இல்லையென்றால் உன் ஃபைலையே நீ திறக்க முடியாது.

ஆனால் நீ அனுப்பிய போட்டோவில் போர்டு கம்பெனி பெயர் எங்கும் இல்லை. அதனால் ஷெட்யூலரில் இருந்தே தொடங்கு.

இது எதில் ஏறி வந்தது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. போன வாரம் தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் ஒன்று போட்டதாகச் சொன்னாய். அதற்கு ஏதோ ஒரு டவுன்லோட் தளத்துக்குப் போயிருப்பாய், பக்கத்தில் மூன்று பச்சை ‘டவுன்லோட்’ பட்டன் இருந்திருக்கும், அதில் இரண்டு விளம்பரம். விண்டோஸ் 10, 11-லேயே தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் இருக்கிறது, கண்ணு. செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ போய்த் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் ‘ஆட் எ கீபோர்டு’ கொடு. எந்தத் தளத்துக்கும் போக வேண்டாம்.

இதைச் சரிசெய்ய என்று இன்னொரு ‘கிளீனர்’ தேடி இறக்காதே. ஸ்கிரீனில் போன் நம்பர் வந்தால் கூப்பிடாதே. யார் சொன்னாலும், தூரத்தில் இருந்து சிஸ்டத்தை இயக்க விடும் எனிடெஸ்க் போட்டு சிஸ்டத்தைக் கொடுக்காதே. அந்த விண்டோவில் ஏற்கெனவே கார்டு நம்பர் எதையாவது போட்டிருந்தால் என்னிடம் மறைக்காமல், முதலில் பேங்குக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் போன் செய். திட்ட மாட்டேன்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதில்லை, டாஸ்க் ஷெட்யூலர் விண்டோஸிலேயே இருக்கிறது. நாளைக்கு லாகின் ஆனதும் ஆக்‌ஷன்ஸ் டேபைப் போட்டோ எடுத்து அனுப்பு, நீ டிஸேபிள் செய்வதற்கு முன் நானும் ஒரு தடவை படித்துவிடுகிறேன். பென்டிரைவை நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டவில்லை, அக்காவின் கைப்பையில் தனியாக இருக்கும், மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்.

அன்புடன்,
அம்மா