மானிட்டருக்கு இன்ச் மட்டும் சொன்னா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல டெக் பக்கத்தை விடாம படிக்கிற வாசகன் நான். மானிட்டர் பத்தி எப்ப எழுதினாலும் "22 வாங்கலாமா 24 வாங்கலாமா 27 வாங்கலாமா"னு இன்ச்லயே ஆரம்பிச்சு இன்ச்லயே முடிக்கிறீங்க, விளம்பரக்காரங்களும் அதைத்தான் கொட்டை எழுத்துல போடுறாங்க. இந்த இன்ச் மூலைக்கு மூலை குறுக்கால அளக்கிற அளவு, அதை வச்சு ஸ்க்ரீன் எவ்ளோ அகலம் எவ்ளோ உயரம்னு சொல்லவே முடியாது. ஜன்னலுக்கு கம்பி அடிக்கிறவர்கிட்ட போயி மூலைக்கு மூலை இவ்ளோனு மட்டும் சொன்னா சிரிச்சுட்டு டேப்பை எடுத்துட்டு அவரே கிளம்பி வந்துடுவாரு, மானிட்டர்ல மட்டும் நாம அதை அப்படியே ஒத்துக்கிறோம்.

பழைய சதுர மானிட்டர் 19 இன்ச் இன்னும் நிறைய வீட்ல ஓடுது. அதோட ஸ்க்ரீன் கிட்டத்தட்ட 38 செமீ அகலம், 30 செமீ உயரம். அதை மாத்தி 22 இன்ச்னு சொல்லி விக்கிற அகல மானிட்டர் வாங்குறாங்க (நெஜத்துல பாதிக்கு மேல 21.5தான்), அதோட உயரம் 27 செமீ கூட வராது. அதாவது இன்ச் கூடியிருக்கு, காசும் போயிருக்கு, உயரம் மூணு செமீக்கு மேல குறைஞ்சிருக்கு! பழசுல மேல கீழ 1024 புள்ளி (படத்தை வரையிற குட்டிக் குட்டி பிக்சல்), புதுசுல 1080 புள்ளி, அந்த 1080ஐ குறைஞ்ச உயரத்துக்குள்ள அடைச்சு வச்சிருக்கான், அதனாலதான் வீட்டுப் பெரியவங்க புது மானிட்டர் முன்னாடி உக்காந்த உடனே "என்னப்பா எழுத்தெல்லாம் பொடிசாயிடுச்சு"ங்கறாங்க. அவங்க கண்ணு மேல தப்பில்ல. ஒரு இன்ச்சுக்கு 86 புள்ளி இருந்த இடத்துல 102 ஆயிடுச்சு, எழுத்து சுருங்கத்தானே செய்யும்.

அதனால வீட்டு உபயோகத்துக்கு, கம்மி செலவுல, சதுரத்துல இருந்து அகலத்துக்கு மாறுறவங்களுக்கு என் ஓட்டு 24 இன்ச்சுக்குத்தான், 1920 பெருக்கல் 1080, அதாவது அகலத்துல 1920 புள்ளி, உயரத்துல 1080, இதைத்தான் ரெசல்யூஷன்ங்கறாங்க. (பெட்டியில பாத்தா 23.8னு இருக்கும், பரவாயில்ல.) இன்ச்சுக்கு 92 புள்ளி, பழைய சதுரத்துக்கு பக்கத்துலயே வருது, உயரமும் பழைய அளவேதான், கூட கிடைக்கிறதெல்லாம் அகலம். ரெண்டு ஏ4 பேப்பரை பக்கத்து பக்கத்துல நிக்க வச்சுப் பாருங்க, மொத்தம் 42 செமீ அகலம், 29.7 உயரம். 24 இன்ச் ஸ்க்ரீன் சுமார் 53க்கு 30, ஆக ரெண்டு முழு பக்கம் நெஜ சைஸ்ல வச்சிட்டு பக்கவாட்டுல இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும், கீழ டாஸ்க்பார் கொஞ்சூண்டு தின்னுடும் அவ்ளோதான். ஒரு பக்கம் பேங்க் ஸ்டேட்மென்ட், இன்னொரு பக்கம் எக்செல்னு வச்சுகிட்டு வேலை பாத்தவங்களுக்குத்தான் அந்த சுகம் தெரியும். விண்டோஸ் கீயை அழுத்திட்டு இடது அம்புக்குறி தட்டினா பாதி ஸ்க்ரீன்ல போய் ஒட்டிக்கும், வலது தட்டினா அந்தப் பக்கம். இதைத் தெரியாம எல்லாத்தையும் முழு ஸ்க்ரீனுக்கு விரிச்சு வச்சிட்டு ஒரே வரி இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடுறதைப் படிச்சு கழுத்து வலின்னு சொல்றவங்க நிறைய பேரு.

இன்னும் கொஞ்சம் போட்டா 27 வந்துடுமேனு கடைக்காரர் சொல்லுவாரு. வரும். ஆனா அதே 1920 பெருக்கல் 1080 தான்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, அதே 20 லட்சத்து சொச்சம் புள்ளியை இழுத்துப் பரப்பி வச்சதுதான் அது, இன்ச்சுக்கு 82. கை நீட்டுற தூரத்துல உக்காந்து படிக்கும்போது எழுத்தோட ஓரம் பிசிறடிக்கும். நம்ம தமிழுக்கு இது இன்னும் தெரியும், ண னா ன னாவோட சுழி, தலைமேல வைக்கிற புள்ளி, இதெல்லாம் சின்ன எழுத்துல ஒரு பிக்சல் ரெண்டு பிக்சல் அளவுலதான் வரையிறான், அது தெளிவா இல்லைனா ரொம்ப நேரம் படிக்க முடியாது. 27தான் வேணும்னா 2560 பெருக்கல் 1440 பாருங்க, இன்ச்சுக்கு 109, ஷார்ப்பா இருக்கும், ஆனா எழுத்து சின்னதா தெரியுதுனு செட்டிங்க்ஸ்ல ஸ்கேலிங்கை (எழுத்தைப் பெருசாக்குற அளவு) 125 சதவீதம் வைக்க வேண்டி வரலாம், பழைய கம்ப்யூட்டரோட எச்டிஎம்ஐ (மானிட்டர் கேபிள் மாட்டுற ஓட்டை) அந்த ரெசல்யூஷனைத் தருமானும் பாக்கணும்.

அல்ட்ராவைட்னு ரொம்ப நீளமா வர்றதும் இப்ப எல்லாரும் கேக்குறாங்க. 29 இன்ச் அல்ட்ராவைடோட உயரம் 28.6 செமீதான், 24 இன்ச்சை விட குட்டை! வீடியோ எடிட் பண்றவங்களுக்கு சரி. வீட்ல யூட்யூப் பாக்கறதுக்குன்னா ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும்.

டிவியையே மானிட்டரா வச்சுக்கலாமேனு ஒரு கேள்வியும் சுத்துது. விலை குறைஞ்ச 32 இன்ச் டிவி நிறைய 1366 பெருக்கல் 768தான், கணக்குப் போட்டா இன்ச்சுக்கு 49 புள்ளி. சோபாவுல இருந்து பாக்க ஓகே, மேஜையில வச்சு ஒரு பத்தி படிச்சுப் பாருங்க.

பேனல் விஷயத்தை, அதாவது ஸ்க்ரீன் டிஎன், ஐபிஎஸ், விஏல எந்த ரகம்ங்கறதை, விளம்பரத்துல எங்கேயோ பொடி எழுத்துல ஒளிச்சு வச்சிருப்பாங்க, சில சமயம் போடறதே இல்ல. டிஎன்னு இருந்தா கீழ இருந்து பாத்தா இருட்டடிக்கும், புள்ள ஒரு பக்கம் அம்மா ஒரு பக்கம் உக்காந்து பாத்தா ஆளுக்கொரு கலர் தெரியும். ஐபிஎஸ்ல அந்தத் தொல்லை இல்ல. விஏ நல்ல கறுப்பு குடுக்கும், கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) பொதுவா 3000க்கு 1 வரும், ஐபிஎஸ்ல 1000க்கு 1தான், ராத்திரி லைட்டை அணைச்சுட்டு படம் பாக்கறவங்களுக்கு விஏ பிடிக்கும், ஆனா கறுப்புப் பின்னணியில எழுத்தை வேகமா ஸ்க்ரோல் பண்ணா பின்னாடியே இழுவிகிட்டு வரும். படிக்கிற வேலை அதிகம்னா ஐபிஎஸ்ஸே எடுங்க. டைனமிக் கான்ட்ராஸ்ட் லட்சத்துக்கு ஒண்ணு கோடிக்கு ஒண்ணுனு போட்டிருந்தா அந்த வரியைத் தாண்டிப் போயிடுங்க. புள்ளி கலர் மாறுற வேகம் 1 மில்லி செகண்டுனு போடறதும் அதே ரகம்தான், வீட்டுக் கணக்கு பாக்கறவருக்கு அது எதுக்கு? 75, 100 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு அத்தனை தடவை படம் மாறும்) இப்ப சாதாரண மாடல்லயே வருது, ஸ்க்ரோல் வழுவழுனு இருக்கும், கிடைச்சா நல்லது, ஆனா மாட்டினதோட விடாம டிஸ்ப்ளே செட்டிங்க்ஸ்ல போயி பாருங்க, பல வீட்ல 100 வாங்கிட்டு 60லயே ஓடிட்டு இருக்கு.

நெஜமா ஜனங்க முட்டிக்கிறது கேபிள் மாட்டுற போர்ட்லதான், இதைப் பத்தி யாருமே விவரமா எழுத மாட்டேங்கறாங்க. பழைய சிபியுல நீல கலர் விஜிஏ இருக்கும், 1987ல வந்த சமாச்சாரம் அது, படத்தை டிஜிட்டலா அனுப்பாத பழைய அனலாக் ரகம். 1080லயும் ஓடும், ஆனா எழுத்து லேசா மங்கலா தெரியலாம், மானிட்டர்ல ஆட்டோ பட்டனைத் தட்டினா கொஞ்சம் சரியாகும். புது மானிட்டர்ல வெறும் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தா கன்வெர்ட்டர் வேணும், அதுலயும் விஜிஏல இருந்து எச்டிஎம்ஐக்கு போறது வேற, எச்டிஎம்ஐல இருந்து விஜிஏக்கு போறது வேற, பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், திருப்பி மாட்டினா வேலை செய்யாது. பின்னாடி டிவிஐ இருந்தா அதிர்ஷ்டம், அதுல இருந்து எச்டிஎம்ஐக்கு சாதா கேபிளே போதும், சத்தம் மட்டும் வராம போகலாம். லேப்டாப்ல டைப் சி ஓட்டை இருக்குன்னா எல்லாத்துலயும் படம் வரும்னு இல்ல, சிலதுல சார்ஜும் டேட்டாவும் மட்டும்தான்.

மாட்டினப்புறம் ஆளு மூஞ்சி அகலமா தெரியுதுன்னா மானிட்டர் ரிப்பேர்னு கடைக்கு தூக்கிட்டு ஓடாதீங்க, ரெசல்யூஷன் பழைய 1024 பெருக்கல் 768லயே நிக்குதானு பாருங்க. பெட்டியில இருந்து வரும்போது பிரைட்னஸ் கண்ணைக் கூசுற அளவுக்கு வச்சு அனுப்புவான், பக்கத்துல ஒரு வெள்ளைத்தாளைப் பிடிச்சு ஸ்க்ரீன் வெள்ளையும் தாள் வெள்ளையும் ஒண்ணு போல தெரியற வரைக்கும் குறைங்க. முதல் நாளே முழு வெள்ளை, முழு கறுப்பு, சிவப்புனு மாத்தி மாத்தி விட்டு செத்த புள்ளி (வேலை செய்யாத பிக்சல்) இருக்கானு பாத்துடுங்க, ஒண்ணு ரெண்டு புள்ளிக்கெல்லாம் மாத்தித் தர்றதில்லைங்கற கம்பெனிகளும் உண்டு, அந்த விதியை வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கறது நல்லது.

விலை குறைஞ்ச மானிட்டர்ல ஸ்டாண்ட் சாயும், ஏறாது இறங்காது. ஸ்க்ரீனோட மேல் விளிம்பு கண்ணு மட்டத்துல இருக்கணும்னு எல்லாரும் சொல்றதை வச்சு அடியில தடி புஸ்தகத்தை அடுக்கி வைக்கிறாங்க, ஆனா பைஃபோகல், ப்ரோக்ரெசிவ் கண்ணாடி போட்டவங்களுக்கு இது சரிப்படாது, கண்ணாடியோட கீழ்ப்பகுதி வழியா படிக்க தாடையைத் தூக்கி தூக்கி பிடரி பிடிச்சுக்கும். அவங்களுக்கு இன்னும் தாழ வைக்கணும். பின்பக்கம் 100க்கு 100 மில்லிமீட்டர், இல்ல 75க்கு 75ல நாலு திருகு ஓட்டை இருக்கானு பாத்து வாங்கினா பின்னாடி தனியா மானிட்டரைத் தாங்குற ஆர்ம் மாட்டிக்கலாம், மட்ட மாடல்ல சிலதுல அதுவே இருக்காது.

ஆசிரியர் கிட்ட கேக்கறது இதுதான். அடுத்த தடவை மானிட்டர் பத்தி போடும்போது இன்ச்சோட நிறுத்தாம ஸ்க்ரீன் அகலமும் உயரமும் செமீல போடுங்க, இன்ச்சுக்கு எத்தனை புள்ளி, என்ன பேனல், பின்னாடி என்னென்ன போர்ட் இருக்கு, கூட என்ன கேபிள் தர்றான்னு போடுங்க, மில்லி செகண்டை எடுத்துடுங்க. அப்படியே ஸ்டாண்டோட கால் முன்பக்கம் எவ்ளோ நீட்டிட்டு நிக்கும்கிற அளவும் சேத்துட்டீங்கன்னா புண்ணியமா போகும், மேஜை ஒடுக்கமா இருக்கற வீட்ல கீபோர்டு வைக்க இடமில்லாம போறது அதனாலதான்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்