சர்க்கரையைத் தனியே வடிகட்டுங்கள்: நுண்ணுயிரியல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரி நுண்ணுயிரியல் துறைத் தலைவர்களுக்கு, வணக்கம்.

ஒரு பாக்டீரியா எந்தச் சர்க்கரையை நொதித்து அமிலமோ வாயுவோ தருகிறது என்று பார்க்கும் சர்க்கரை நொதித்தல் சோதனைக்கான குழாய்களைத் தயாரிக்கும் முறையை மாற்றுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். பல ஆய்வகங்களில் சர்க்கரையையும் பெப்டோனையும் (பாக்டீரியாவுக்கு உணவாகும் புரதச் சிதைவுப் பொருள்) ஒன்றாகக் கலந்து 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்கிறார்கள், அதாவது அழுத்த நீராவியில் கிருமிநீக்குகிறார்கள். அந்தச் சூட்டில் சுக்ரோஸின் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைகிறது. மால்டோஸும் உடைந்து குளுக்கோஸ் தருகிறது. சுக்ரோஸைத் தொடாத சால்மோனெல்லா பாக்டீரியா அந்தக் குளுக்கோஸைத் தின்று அமிலம் விட, பீனால் ரெட் என்ற நிறங்காட்டியால் குழாய் மஞ்சளாகிறது. மாணவர் "பாசிட்டிவ்" என்று எழுதிவிடுகிறார். நாளை மருத்துவ ஆய்வகத்தில் இதே பிழை நேர்ந்தால் நோயாளியின் அறிக்கையே தவறாகும்.

செய்ய வேண்டியது எளிது. பெப்டோன் 10 கிராம், உப்பு 5 கிராம், பீனால் ரெட் 18 மில்லிகிராம் ஆகியவற்றை 900 மில்லி நீரில் கரைத்து, பிஹெச் 7.4க்குக் கொண்டுவாருங்கள். குழாய்க்கு 4.5 மில்லி ஊற்றி, வாயுவைப் பிடிக்கும் சிறிய டர்ஹாம் குழாயை உள்ளே கவிழ்த்துப் போட்டு ஆட்டோகிளேவ் செய்யுங்கள். 10 சதவீதச் சர்க்கரைக் கரைசலை 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் தனியே வடித்து, ஆறிய குழாய்க்கு 0.5 மில்லி சேருங்கள். டர்ஹாம் குழாயில் முன்பே குமிழி நின்றால் அதை ஒதுக்கிவிடுங்கள். பிறகு வாயு வந்ததா என்று சொல்ல முடியாது.

37 டிகிரியில் வைத்து 18 முதல் 24 மணி நேரத்துக்குள் முதல் முறை பாருங்கள். சர்க்கரை தீர்ந்ததும் பாக்டீரியா பெப்டோனுக்குத் தாவும்; அம்மோனியா சேர்ந்து மஞ்சள் மீண்டும் சிவப்பாகிவிடும். தாமதமாகப் பார்ப்பவருக்கு அது "நெகட்டிவ்".

வாயுவையும் அலட்சியப்படுத்தாதீர்கள். பெரும்பாலான சால்மோனெல்லாக்கள் குளுக்கோஸிலிருந்து அமிலமும் வாயுவும் தரும்; டைஃபாய்டு உண்டாக்கும் சால்மோனெல்லா டைஃபி அமிலம் மட்டும் தரும். குமிழி இல்லாததே அங்கே முக்கியத் தடயம். ஷிகெல்லா சோனெய் லாக்டோஸை நாள்கணக்கில் தாமதமாகத்தான் நொதிக்கும். லாக்டோஸை உடைக்கும் நொதியான பீட்டா கேலக்டோசிடேஸ் அதனிடம் இருப்பதை ஓஎன்பிஜி சோதனை சீக்கிரமே காட்டிவிடும்.

ஒவ்வொரு தொகுதியிலும் சர்க்கரை இல்லாத குழாய் ஒன்றும், பாக்டீரியா இடாத குழாய் ஒன்றும் வையுங்கள். குளுக்கோஸுக்கும் லாக்டோஸுக்கும் தரக் கட்டுப்பாட்டுக்கான ஈ. கோலை ஏடிசிசி 25922 வகை அமிலமும் வாயுவும் தர வேண்டும். சூடோமோனாஸ் ஏருஜினோசா குழாயை மஞ்சளாக்கக் கூடாது. இவற்றில் ஒன்று சரியாக வராவிட்டாலும் அந்தத் தொகுதியை மாணவர் கைக்குக் கொடுக்காதீர்கள்.

அடுத்த பருவத்துக்கான செய்முறைக் கையேட்டில் இந்த மாற்றங்களைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆய்வக ஆசிரியர்கள்